துலாக்கோலை எதில் நிறுப்பது? - தொழிற்கல்வி ஆசிரியரும் 'மாணவர் வளர்ச்சி' என்னும் எண்ணும்

மேற்குத் தாம்பரத்தை அடுத்த பள்ளி ஒன்றில் தொழிற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் இல்லத்துக்கு வந்தார். அடிப்படை இயந்திரவியல் அவருடைய பாடம். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். பயிற்சிக் கூட்டமொன்றில் மாதிரிக்கென்று வழங்கப்பட்டதாம். "சார், நீங்க தமிழ் வாத்தியார். இதுல என்ன எழுதணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

படிவத்தில் மூன்று கட்டங்கள். ஆண்டின் தொடக்கத்தில் மாணவரின் நிலை ஒன்று. ஆண்டின் இறுதியில் அவரது நிலை மற்றொன்று. மூன்றாவது கட்டத்தில் 'வளர்ச்சி', சதவீதத்தில். அடியில் சிறிய எழுத்தில், இவ்விவரம் ஆசிரியரின் பணித்திறனை மதிப்பிடக் கருத்தில் கொள்ளப்படலாம் என்று ஒரு வரி. நாமும் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இலக்கியம் படித்து, இலக்கியம் பயிற்றுவித்து, பிறருடைய விடைத்தாள்களை இருபது ஆண்டுகளாகத் திருத்தி வரும் நமக்கு அந்த மூன்றாவது கட்டத்தில் எழுத ஓர் எண் கிடைக்கவில்லை.

மறுநாள் மாலை கல்லூரி முடிந்ததும் அவருடைய பள்ளிப் பட்டறைக்குச் சென்றோம். மூலையில் ஒரு தகரப் பெட்டி. அதைத் திறந்து காட்டினார். உள்ளே சிறு சிறு இரும்புத் துண்டுகள், இரண்டிரண்டாகக் கம்பியால் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. பதினோராம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் மாணவன் அரம் பிடித்து ராவிய துண்டு ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசியில் அவனே செய்த துண்டு மற்றொன்று. முதல் துண்டின்மேல் மூலைமட்டத்தை வைத்தால் இடுக்கில் வெளிச்சம் வழிகிறது. விளிம்பு முதுகு வளைந்திருக்கிறது. இரண்டாவது துண்டில் வெளிச்சம் புகவில்லை. பெட்டியில் இப்படிப் பல ஆண்டுகளின் பிள்ளைகள் கிடக்கிறார்கள். எவரும் கேட்காமல், எந்தப் படிவமும் இல்லாமல், இம்மனிதர் மாணவர் வளர்ச்சியை அளந்து வைத்திருக்கிறார். அந்தப் பெட்டிக்கும் இந்தப் படிவத்துக்கும் உள்ள தொலைவைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தை வழங்கிவிடுவோம். 'வளர்ச்சி' என்ற சொல்லைக் கொண்டுவந்தவர்கள் கெட்ட நோக்கத்தோடு கொண்டுவரவில்லை. தமிழகத்தில் ஆசிரியரை அளக்க இதுகாறும் நாம் கைக்கொண்டிருக்கும் ஒரே கோல் தேர்ச்சி விழுக்காடு. பொதுத்தேர்வு முடிவு வெளியான மறுவாரமே, நூறு விழுக்காடு காட்டியவருக்குப் பாராட்டுச் சான்றிதழ். குறைந்தவருக்கு ஆய்வுக்கூட்டத்தில் விளக்கம் கேட்டல். பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு 430 பெற்ற பிள்ளையை 450-இல் நிறுத்திய ஆசிரியரும், 190 பெற்ற பிள்ளையைக் கைப்பிடித்துக் கரையேற்றிய ஆசிரியரும் இந்தக் கோலின்முன் சமம் அல்லர். முன்னவர் உயர்ந்தவர், பின்னவர் ஆபத்தானவர். எங்கிருந்து தொடங்கினான் என்று கேளாமல் எங்கு நிற்கிறான் என்று மட்டும் கேட்பது அநீதி. தொடங்கிய இடத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று வளர்ச்சிவாதிகள் சொல்வது, அந்த அளவில், அறம் சார்ந்த கூற்றே. தொழிற்பிரிவுக்கு இது மேலும் பொருந்தும். ஏனெனில் தமிழகப் பள்ளிகளில் தொழிற்பிரிவில் சேர்பவன் பெரும்பாலும் அதை விரும்பித் தேர்ந்தவன் அல்லன். மதிப்பெண் போதாமையால் அங்கு அனுப்பப்பட்டவன்.

இன்னொரு தரப்பையும் இங்கே பேசிவிடவேண்டும். அது நம் தரப்பு. இதைப் படிக்கும் சிற்றிதழ் வாசகர்களின் தரப்பு. 'கற்பித்தல் ஒரு கலை. கலையை அளக்க முடியுமா?' என்று கேட்டு இத்தகைய விவாதங்களை முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கேட்பதற்கு இனிமையான வாதம். ஆயின், அடுத்த நாளே நாம் விடைத்தாள் கட்டைப் பிரித்து, ஒரு மாணவியின் கவிதை நயம் பாராட்டலுக்குப் பத்துக்கு ஆறரை போடுகிறோம். அந்த அரை மதிப்பெண்ணை எங்கிருந்து கண்டெடுத்தோம் என்று எவரும் நம்மைக் கேட்பதில்லை. பிறரை நாள்தோறும் அளப்பவர், தம்மை அளக்கும் கோல் வரும்போது மட்டும் கலையின் மறைபொருளைப் பேசுவது நேர்மையாகாது. மேலும், பட்டறையில் மோசமான ஆசிரியரால் விளையும் கேடு நம் வகுப்பறையில் விளைவது போன்றதன்று. யாப்பிலக்கணத்தைத் தவறாகக் கற்பித்தால் தளை தட்டும், அவ்வளவே. கடைசல் இயந்திரத்தின் சுழலும் தலையருகே தொளதொளத்த சட்டைக் கையோடு நிற்கக்கூடாது என்று கற்பிக்கத் தவறினால் பிள்ளையின் விரல் போகும். ஆகவே தொழிற்கல்வி ஆசிரியர் மதிப்பிடப்படவேண்டும். மாணவன் என்ன ஆனான் என்ற கேள்வி அந்த மதிப்பீட்டின் நடுவில் இருக்கவேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை.

நம் எதிர்ப்பு எங்கே தொடங்குகிறது? அந்த வளர்ச்சியை ஒற்றை எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணை ஓர் ஆசிரியரின் பெயரோடு முடிச்சிட்டு, அதன்மீது அவரது பணிவாழ்வைத் தொங்கவிடும்போது தொடங்குகிறது.

அமெரிக்காவில் இந்தச் சோதனை முழு அளவில் நடந்து முடிந்துவிட்டது என்பதை நம் நாட்டில் இதைப் பரிந்துரைப்பவர்கள் சொல்வதில்லை. 2009-இல் ஒபாமா அரசு அறிவித்த போட்டி நிதியுதவித் திட்டத்தை ஒட்டி, மாநிலம் மாநிலமாக மாணவர் தேர்வு மதிப்பெண்ணின் ஏற்றத்தை ஆசிரியர் மதிப்பீட்டில் சேர்த்தார்கள். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மாநிலம் தழுவிய பொதுத்தேர்வு இருந்தது. பற்றவைப்புக்கும் தச்சுக்கும் மோட்டார் பழுதுபார்ப்புக்கும் என்ன செய்வது? இரண்டு வழிகளைக் கண்டார்கள். ஒன்று, ஆசிரியரே தம் மாணவருக்கு ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் இலக்கை வகுத்து, ஆண்டு முடிவில் அதை எட்டியதாகக் காட்டுவது. மற்றொன்று இன்னும் விந்தையானது: ஆசிரியர் கற்பிக்காத பாடத்தில், சில இடங்களில் அவர் கண்ணால் பாராத மாணவர் பெற்ற மதிப்பெண்ணை, அவர் கணக்கில் எழுதுவது. புளோரிடா மாநில ஆசிரியர்கள் 2013-இல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 2014-இல் தீர்ப்பளித்த நீதிபதி, இம்முறை நியாயமற்றது என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும் அரசியல் சாசனப்படி அதை நீக்க இடமில்லை என்றார். 2016-இல் நியூயார்க் மாநிலத்தில் ஷெரி லெடர்மன் என்னும் ஆசிரியையின் வழக்கில், அவருக்குத் தரப்பட்ட வளர்ச்சி மதிப்பெண் தான்தோன்றித்தனமானது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. முந்தைய ஆண்டு இருபதுக்குப் பதினான்கு பெற்ற அவர், அடுத்த ஆண்டு இருபதுக்கு ஒன்று பெற்றிருந்தார். ஓராண்டில் ஒருவர் கற்பிக்கும் திறனில் பதின்மூன்று பங்கை எங்கே தொலைத்திருப்பார்? அதற்கு முன்பே, 2015 டிசம்பரில் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டம் இம்முறையை வலியுறுத்துவதைக் கைவிட்டிருந்தது. அவர்கள் அவிழ்த்துப் போட்ட சட்டையை நாம் புதுச்சட்டையென்று தைக்கக் கொடுக்கலாமா?

இந்த எண்கள் ஏன் இப்படித் தள்ளாடுகின்றன? அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை ஒரு விடை தருகிறது. மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் ஆசிரியரால் விளைவது, பெரும்பாலான ஆய்வுகளின்படி, 1 முதல் 14 விழுக்காடு வரையே என்கிறது அது. ஆசிரியரால் பயனில்லை என்பது இதன் பொருளன்று. ஒரு பிள்ளைக்கும் மற்றொரு பிள்ளைக்கும் இடையிலான வேறுபாட்டை விளைவிப்பவற்றுள் பெரும்பகுதி ஆசிரியரின் கைக்கு வெளியே இருக்கிறது என்பதே பொருள்.

இதைக் கேட்டதும் தமிழ் மாணவர்க்கு வேறொரு கணக்கு நினைவுக்கு வரவேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு பங்கீடு செய்திருக்கிறார். ஆசான் சொல்வதை நன்றாக உள்வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால்பங்குப் புலமைதான். உடன் பயில்வாரோடு பழகும்போது இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, அவன் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. புள்ளியியலார் சொல்லும் விழுக்காடும் பவணந்தியாரின் கால்பங்கும் ஒரே கணக்கு அல்ல; ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்கினால் அது பட்டிமன்றப் பேச்சாகிவிடும். எனினும் ஒரு செய்தி பொதுவானது. கல்வி என்பது ஒருவர் ஊற்ற மற்றவர் நிறையும் குடம் அன்று. நண்பரின் பட்டறையில் இதைக் கண்கூடாகக் கண்டோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பதினோராம் வகுப்புப் பையனின் மணிக்கட்டைப் பிடித்து, அரத்தை முன்னே தள்ளும்போது அழுத்தவும் பின்னே இழுக்கும்போது தளர்த்தவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கணத்தின் வளர்ச்சியை யார் பெயரில் வரவு வைப்பது? படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நன்னூலில் இன்னொன்றும் உண்டு. நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் மலரையும் துலாக்கோலையும் உவமையாக்கும் அந்நூல், மாணாக்கரை அன்னம் முதல் இல்லிக்குடம் வரை தரம் பிரித்துத் தனியே பேசுகிறது. கொடுப்பவனின் இயல்பு ஓரிடத்தில். கொள்பவனின் இயல்பு வேறிடத்தில். பின்னதைக் கொண்டு முன்னதற்கு விலை போடும் வேலையைப் பவணந்தியார் செய்யவில்லை. நிறை பார்க்கும் துலாக்கோலையே ஒரு தட்டில் வைத்து, மாணவனை எடைக்கல்லாக்கி மறுதட்டில் ஏற்றும் இந்தப் புதிய வணிகம் அவர் அறியாதது.

கைக்கு வெளியே இருப்பவை எவை என்று நம் பகுதியிலேயே பார்ப்போம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மூழ்கின. வீட்டையும் புத்தகத்தையும் இழந்த பிள்ளைகளின் அவ்வாண்டு 'வளர்ச்சி' என்ன? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே தமிழகத்தில் நடைபெறவில்லை. கடைசல் இயந்திரத்தைக் கைப்பேசித் திரையில் காட்டிக் கற்பித்த அந்நாட்களை எந்தச் சதவீதத்தில் எழுதுவது? 'தேர்வை விடுங்கள், வேலை கிடைத்ததா என்று பாருங்கள்' என்பார்கள் சிலர். பார்க்கலாம். 2014 நவம்பரில் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2021-இல் மூடல் முடிவை அறிவித்து 2022-இல் வாகன உற்பத்தியை முடித்துக்கொண்டது. அந்த ஆண்டுகளில் வேலையின்றி வீடு திரும்பிய இளைஞர்களுக்குக் கற்பித்த பயிற்றுநர்கள் ஒரே இரவில் மோசமான ஆசிரியர்கள் ஆகிவிட்டார்களா?

இவை பெரிய காரணங்கள். சிறிய காரணம் ஒன்றும் உண்டு. அதுவே நாள்தோறும் வதைப்பது. நண்பரின் பட்டறையில் முப்பத்தாறு மாணவர். ஓடும் நிலையில் உள்ள கடைசல் இயந்திரம் இரண்டு. பயிற்சிக்கு வேண்டிய இரும்புக் கம்பிக்கு ஆண்டுக்கு வரும் தொகை இரண்டு மாதத்துக்குக் காணாது. குரோம்பேட்டையில் உள்ள பழைய இரும்புக் கடைக்காரரிடம் வெட்டுத்துண்டுகளைக் கெஞ்சி வாங்கி வருகிறார். படிவத்தில் 'மாணவர் வளர்ச்சி' உண்டு. 'மாணவர் ஒருவருக்குக் கிடைத்த இயந்திர நேரம்' இல்லை. ஆசிரியரை அளக்க வந்த கோல், அவருக்கு அரமும் இரும்பும் கொடுக்கவேண்டியவரை அளக்க மறந்தது தற்செயல் என்று நாம் நம்பவில்லை. எல்லாப் பொறுப்பையும் கடைசிப் படியில் நிற்பவர் தலையில் இறக்கிவைப்பதற்கு எண்ணைப் போல வசதியான கருவி வேறில்லை. எண்ணுக்கு முகம் கிடையாது. அதனிடம் முறையிட முடியாது.

எண் வந்தால் மனிதர் வளைவர் என்பதும் புதிய கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிகளின்படி, குழந்தைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறினால்தான் பள்ளிக்கு மானியம். ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? ஆய்வாளர் எந்தப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வாரோ அந்தப் புத்தகத்தைக் குழந்தைகளை நெட்டுருப் போட வைத்தார்கள். அக்காலத்தில் பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராக அலைந்து இந்த அவலத்தைக் கண்டு கண்டித்து எழுதியவர் வேறு யாருமல்லர், நம் முதுகலைத் திறனாய்வுத் தாள்களில் பெயர் தவறாமல் வரும் மேத்யூ ஆர்னால்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் ஆய்வாளர். அவருடைய திறனாய்வுக் கொள்கையைப் படிக்கும் நாம், அவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த தொழிலில் கண்ட உண்மையைப் படிப்பதில்லை. இதே முறை நம் சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்கூட, ஆய்வாளர் வந்து தேர்வு நடத்தி எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்று கணக்கிட்ட பிறகே மானியம் பெறும் நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு இருந்தது. 1882-இல் அமைந்த ஹண்டர் குழு இதை விவாதித்தது. கர்சன் காலத்தில், 1904-இல் வெளியான இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறைக்கு ஆதரவாக இல்லை. ஆக, ஆங்கிலேயரே செய்து பார்த்துக் கைகழுவிய ஒன்று இது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்குக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை. பிறகு நம் தமிழ்த்துறைகளில் நடந்தது என்ன என்பதை இக்கட்டுரையைப் படிக்கும் பேராசிரியர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். பன்னாட்டுக் கருத்தரங்கம் என்ற பெயரில் ஒரே நாளில் இருநூறு கட்டுரைகள், ஐ.எஸ்.பி.என். எண் தாங்கிய தலையணைத் தொகுப்புகள். கட்டுரையாளர் தம் கட்டுரையை மட்டும் பிரித்து நகலெடுத்துவிட்டுத் தொகுப்பை மறந்துபோதல். 2018-இல் விதிகள் மாறின. ஆனால் அலமாரிகளில் அந்தத் தொகுப்புகள் இன்னும் இருக்கின்றன. நாமும் அவற்றில் எழுதியிருக்கிறோம். கெட்டவர்களாக இருந்ததால் எழுதவில்லை. புள்ளி தேவைப்பட்டதால் எழுதினோம். படித்த, நிரந்தர ஊதியம் பெறும், சங்கம் வைத்திருக்கும் நாமே இவ்வளவு வளைந்தோம் என்றால், புறநகர்ப் பள்ளியின் பட்டறை ஆசிரியர் வளையமாட்டார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

அவர் எப்படி வளைவார் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆண்டுத் தொடக்கத் தேர்வில் பிள்ளைகள் தோற்கவேண்டும். அப்போதுதான் ஆண்டு முடிவில் ஏற்றம் தெரியும். ஆகவே மழுங்கிய அரத்தைக் கொடுத்து முதல் துண்டைச் செய்யச் சொல்லலாம். அளக்கப்படும் நான்கு வேலைகளை மட்டும் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பச் செய்விக்கலாம். அளக்கப்படாத ஐந்தாவது வேலையை, இயந்திரத்துக்கு எண்ணெயிடுவதை, பட்டறையைப் பெருக்குவதை, உடைந்த உளியைத் தீட்டிக்கொள்வதை விட்டுவிடலாம். எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. வளரமாட்டான் என்று தோன்றும் பையனைச் சேர்க்கையின்போதே தவிர்த்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் நமக்குக் கோபம் வருகிறது. தமிழகத்தில் தொழிற்கல்வி என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டுத் தொழிலிலும் கழிக்க வகை செய்தது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதை எதிர்த்தார்கள். 1954-இல் அது கைவிடப்பட்டது. அப்போராட்டம் நியாயமானது. ஆயின், அதன்பின் நாம் செய்யவேண்டிய மறுபாதியைச் செய்யவில்லை. எந்தச் சாதிப் பிள்ளையும் தன் விருப்பத்தின் பேரில், மதிப்போடு, எந்தத் தொழிலையும் பள்ளியில் கற்கலாம் என்ற நிலையை உண்டாக்கவில்லை. 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவும் உடன் வந்தது. அதற்கு ஆசிரியர்களைப் பகுதி நேரமாக, சொற்ப ஊதியத்தில் அமர்த்தினோம். நம் நண்பரும் அவ்வாறு சேர்ந்து, பல ஆண்டுகள் காத்திருந்து நிரந்தரமானவர். குரோம் தோல் பதனிடும் ஆலையால் குரோம்பேட்டை என்று பெயர் பெற்ற ஊர் நம்முடையது. 1984-இல் ஏற்றுமதி வளாகம் வந்த தாம்பரம் சானடோரியமும், ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் ஆலைகளும் கைத்தொழிலால் வாழ்கின்றன. அத்தகைய பகுதியில், கைத்தொழில் கற்பிப்பவர் ஆசிரியர் அறையின் கடைசி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.

எவரும் வேண்டாம் என்ற பிள்ளைக்கு எஞ்சியிருந்த ஒரே கதவு தொழிற்பிரிவு. வளர்ச்சி எண்ணை ஆசிரியரின் கழுத்தில் கட்டினால் அந்தக் கதவையும் அவர் தயக்கத்தோடுதான் திறப்பார். பின்தங்கியவனுக்கு நீதி வழங்க வந்த அளவுகோல் அவனையே வாசலில் நிறுத்தும். இது நம் முதன்மையான குற்றச்சாட்டு.

அப்படியானால் எப்படித்தான் மதிப்பிடுவது என்று கேட்பீர்கள். கேட்கவேண்டும். குறை மட்டும் கூறி எழுந்துபோவது கட்டுரையாளனுக்கு எளிது. பட்டறையில் மறுநாள் மணி அடிக்கும்.

நல்ல மாதிரி ஒன்று நம் தலைக்குமேலேயே பறக்கிறது. இந்திய விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி, 1954-இல் இங்கு வந்தது. விமானம் ஓட்டத் தெரிந்தவருக்கு விமானம் ஓட்டக் கற்பிப்பது எப்படி என்று கற்பிக்கும் இடம் அது. கற்பிப்பவரின் தகுதியை அங்கே எப்படிப் பார்க்கிறார்கள்? மூத்த பயிற்றுநர் ஒருவர் உடன் அமர்ந்து பறக்கிறார். விளக்கம் தெளிவாக இருக்கிறதா, செய்துகாட்டுவது சொல்லோடு பொருந்துகிறதா, மாணவன் தவறும்போது எந்தக் கணத்தில் கைகொடுக்கிறார் என்று பார்க்கிறார். அத்தொழிலை அறிந்தவர், அத்தொழில் நடக்கும் இடத்திலேயே, கற்பித்தலையே பார்க்கிறார். உயிர் பணயமாகும் தொழிலில் மதிப்பீடு இப்படித்தான் இருக்கும். கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம், தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்களுக்குத் தொழிலோடு கற்பிக்கும் முறையையும் சேர்த்தே பயிற்றுவிக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அவர்களைப் பள்ளிப் பட்டறைகளுக்கு அழைத்துவர நமக்கு மனமில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. தகரப் பெட்டியை எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவாக்குங்கள்: முதல் வேலையும் கடைசி வேலையும் பாதுகாக்கப்படட்டும். அவற்றை யாருடைய மாணவன் செய்தது என்று அறியாத ஒருவர், தொழிற்பேட்டையில் முப்பதாண்டு கடைசல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரோ தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநரோ, மூலைமட்டமும் வெர்னியரும் கொண்டு பார்க்கட்டும். இப்போது நடக்கும் செய்முறைத் தேர்வில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் இங்கு வந்து தாராளமாகப் போடுவதும், இங்குள்ளவர் அங்கு சென்று கைம்மாறு செய்வதும் எவரும் அறிந்த இரகசியம். அதற்கு முடிவு கட்டவேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் தொழில் அறிந்தவர் ஒருவர் வகுப்பில் முழுநேரம் அமர்ந்து கற்பித்தலைப் பார்க்கட்டும். ஓராண்டு எண்ணைக் கொண்டு எவரையும் உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம். கண்டதை முதலில் ஆசிரியரிடம் சொல்லுங்கள், திருந்த வாய்ப்பும் பயிற்சியும் கொடுங்கள். பலமுறை கண்டும் சொல்லியும் திருந்தாதவரை விலக்கத்தான் வேண்டும். அதற்கும் நாம் உடன்படுகிறோம். கடைசியாக, அதே படிவத்தில் நிருவாகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: ஓடும் இயந்திரம் எத்தனை, வந்த இரும்பு எத்தனை கிலோ, காலிப் பணியிடம் எத்தனை. அந்தப் பக்கம் நிரப்பப்படாமல் ஆசிரியரின் பக்கத்தை எவரும் படிக்கக்கூடாது.

இதற்குச் செலவாகும், ஆள் வேண்டும், ஓர் எண்ணைக் கணினியில் ஏற்றுவது போல மலிவானதன்று என்பார்கள். உண்மைதான். கணினியில் ஏற்றிய எண் யாருக்கு உதவும் என்பதையும் அவர்களே சொல்லவேண்டும். 'உன் மதிப்பு நாற்பத்திரண்டு' என்று கேட்ட ஆசிரியர் மறுநாள் வகுப்பில் எதை மாற்றிச் செய்வார்? 'பையன் அரத்தைத் தவறாகப் பிடித்திருந்தான், நீங்கள் பார்க்கவில்லை' என்று கேட்டவருக்கு மறுநாள் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

படிவத்துக்கு வருவோம். நண்பரும் நாமும் கூடி அதை நிரப்பினோம். முதல் கட்டத்தில் 'மூலைமட்டத்தில் வெளிச்சம் தெரிகிறது' என்று எழுதினோம். இரண்டாவதில் 'வெளிச்சம் தெரியவில்லை' என்று எழுதினோம். மூன்றாவது கட்டத்தில், சதவீதக் குறியை அடித்துவிட்டு, 'துண்டுகள் பட்டறையில் உள்ளன. வந்து பார்க்கலாம்' என்று எழுதினோம். அவர் கையொப்பமிட்டார். இது ஏற்கப்படுமா என்பது தெரியாது. யாராவது வந்து பார்த்தால் நல்லது.

விரைந்து வரவேண்டும். நண்பர் வரும் ஆண்டு ஓய்வுபெறுகிறார். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றதும் அப்பணியிடம் நிரப்பப்படாமல், நாளடைவில் அந்தப் பிரிவே மூடப்படுவது தமிழகத்தில் பல பள்ளிகள் கண்ட கதை. அவருடைய பள்ளியிலும் அதுவே நேருமாயின், கூடுவாஞ்சேரியிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் காலை மின்தொடர்வண்டியில் தொற்றிக்கொண்டு வரும் அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியரும் இருக்கமாட்டார், அளப்பதற்கு வளர்ச்சியும் இருக்காது. ஆசிரியரை எப்படி அளப்பது என்று இவ்வளவு அக்கறையோடு கேட்பவர்கள், அளப்பதற்கு ஓர் ஆசிரியர் எஞ்சியிருப்பாரா என்பதையும் கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.